நாலு பாயிண்ட் பார்ட்னர்

காலைக் கொஞ்சம் நீட்டிக்கோங்க சார், பரவால்ல. நான் மடக்கிக்கிறேன். ஆர்ஏசின்னா அப்படித்தான், ஒரு பெர்த்துல ரெண்டு பேர். திண்டுக்கல்ல ஏறுறப்போ இதுவும் கிடைக்காதுன்னுதான் நினைச்சேன்.

நீங்க சிரிச்சதைப் பாத்தேன். தப்பில்ல. திருச்சியிலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் ஒரு ஆள் போனை எடுத்து டைப் அடிச்சு, அழிச்சு, மறுபடி அடிச்சு, மறுபடி அழிச்சா யாருக்கும் சிரிப்பு வரும். யாருக்குன்னு கேக்குறீங்களா? பொண்டாட்டிக்குத்தான். காதல் கடிதமா இருந்தா ஒரே மூச்சுல அடிச்சிருப்பேன் சார். இது வியாபாரம்.

நான் வக்கீல். பேரு வயிரவன். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம், பிழைப்பு மெட்ராஸ்ல. ராயப்பேட்டையில ஒரு பெரிய வக்கீல் ஆபீஸ். ஆபீஸ் பேரு வேண்டாம். ரயில்ல அதைப் பத்திப் பேசினேன்னு என் மேல வழக்குப் போடுவாங்க, அதை நடத்துறதுக்கு நான் அங்கேயே போய் ஃபீஸ் கட்டணும். அந்த ஆபீஸ்ல நான் ஒரு பார்ட்னர். அதுவும் சாதா பார்ட்னர் இல்ல, ஈக்விட்டி பார்ட்னர். முதல் போட்ட பங்குதாரர். நீங்க ஏன் என் டிக்கெட்டைப் பாக்குறீங்கன்னு புரியுது. அதுக்குத்தான் வர்றேன்.

நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு ஒரு மீட்டிங். அதுல என் பங்கை உயர்த்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. உயர்த்தினா நான் மனுஷன். இல்லைன்னா இன்னும் ரெண்டு வருஷம் இதே கதி. உள்ள போட்ட நாப்பது லட்சத்தை எடுக்கவும் முடியாது. நான் வெளிய வந்தா அஞ்சு வருஷத் தவணையில திருப்பித் தருவாங்க, வட்டி கிடையாது. இப்படி ஒரு ஷரத்தை எந்தப் பாவி எழுதினான்னு கேளுங்க. நான்தான் எழுதினேன். ஆபீஸோட பங்குப் பத்திரம் டிராஃப்ட் பண்ணது நானே. நல்லா எழுதியிருக்கேன் சார், ஒரு ஓட்டை இல்ல. நானே தேடிப் பாத்துட்டேன்.

நீங்க மாட்டுத்தீவனக் கடைன்னு சொன்னீங்கல்ல? அண்ணன் தம்பி மூணு பேரு, வருஷக் கடைசியில லாபத்தை மூணாப் பிரிச்சுக்குவோம்னு சொன்னீங்க. கேட்டதும் எனக்குப் பொறாமையாப் போச்சு. மூணால வகுக்கிறது. எவ்வளவு அழகான கணக்கு. எங்க ஆபீஸ்ல வகுக்கத் தெரிஞ்சவங்க ஆறு பேர் இருக்கோம், ஆனா ஆறால வகுக்க மாட்டோம்.

முதல்ல நான் ஒன்பது வருஷம் சம்பளப் பார்ட்னரா இருந்தேன். அப்படின்னா விசிட்டிங் கார்டுல பார்ட்னர்னு இருக்கும், ஒண்ணாந்தேதி சம்பளம் வரும். லாபத்துல பங்கு இல்ல, ஓட்டு இல்ல. அந்தக் கார்டு அடிச்சு வந்த அன்னிக்கு உமையாள்கிட்ட, அதான் என் வீட்டம்மா, பெருமையா நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பங்கு எவ்வளவுன்னு கேட்டா. பங்கு இல்ல, பேருதான்னேன். அப்படின்னா இது பதவி உயர்வா, பேர் மாத்தமான்னு கேட்டா. அவ அப்போ காலேஜ்ல கெமிஸ்ட்ரி புரொபசர். எதையும் அளந்துதான் ஊத்துவா.

இத்தனைக்கும் எங்க வம்சத்துக்கு இது தெரியாத விஷயம் இல்ல. எங்க பாட்டையா பர்மாவுல வட்டிக்கடை வச்சவர். அந்தக் கடைகள்ல முதலாளி வேற, மேலாள் வேற. மேலாள் சம்பளத்துக்குக் கடையைப் பாத்துக்குவார். லாபம் நட்டம் ரெண்டும் முதலாளிக்கு. எங்க வீட்டுச் சின்னப் புள்ளைக்குக் கூட இந்த வித்தியாசம் தெரியும். நான் மட்டும் சட்டம் படிச்சதால மறந்துட்டேன்.

போன வருஷம் மார்ச்சுல எட்வின் சார் என்னைக் கூப்பிட்டார். எட்வின் சார்தான் ஆபீஸோட தலை. அவங்க அப்பா ஆரம்பிச்ச ஆபீஸ். அறுபது வயசு, குரலை உயர்த்தவே மாட்டார். வயிரவன், நீங்க ஈக்விட்டிக்கு வரணும்னார். நான் உக்காந்த நாற்காலியிலேயே ஒரு அடி உயர்ந்துட்டேன் சார். நாப்பது லட்சம் மூலதனம் கொண்டுவரணும்னார். சரின்னேன். இனிமே சம்பளம் கிடையாதுன்னார். அதுக்கும் சரின்னேன். அவர் என் கிட்னியைக் கேட்டிருந்தாலும் எந்தப் பக்கத்துதுன்னுதான் கேட்டிருப்பேன்.

நாப்பது லட்சமும் நான் போட்டேன். பணம் எப்படி வந்துச்சுன்னா, உமையாள் காலேஜ்லேர்ந்து விஆர்எஸ்ல சீக்கிரமே ரிட்டையர் ஆகி வாங்கின பணம் பேங்க்ல சும்மா தூங்கிட்டு இருந்துச்சு. வேற எதுக்கு அது? ஏதோ சின்னதா ஒரு லேப் வைக்கணும், தண்ணி மண்ணு பரிசோதனை பண்ணிக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா. அப்புறம் வச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். அவளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா.

இப்போ சம்பளம் இல்லைன்னா மாசாமாசம் சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு கேக்குறீங்க. அதுக்கு டிராயிங்னு ஒண்ணு உண்டு. வருஷக் கடைசியில வரப்போற லாபத்துலேர்ந்து முன்கூட்டியே மாசம் ரெண்டு லட்சம் எடுத்துக்கலாம். அதே ரெண்டு லட்சம்தான் முன்னாடி சம்பளமாவும் வந்துச்சு. நான் என்ன நினைச்சேன், வழக்கம்போல வந்துக்கிட்டே இருக்கும், மேல லாபம்னு ஒரு மூட்டை வரும்னு நினைச்சேன். லாபத்துல என் பங்கு நான் எடுத்ததை விடக் குறைஞ்சா மிச்சத்தைத் திருப்பிக் கட்டணும். இதுவும் பத்திரத்துல இருக்கு. இதுவும் நான் எழுதினதுதான். எழுதுறப்போ வேற எவனுக்கோ எழுதுற மாதிரியே இருந்துச்சு.

சரி, லாபத்தை எப்படிப் பிரிக்கிறாங்கன்னு சொல்றேன். மொத்தம் நூறு பாயிண்ட். ஒவ்வொரு பார்ட்னருக்கும் இத்தனைன்னு போடுவாங்க. அதுல பெரிய பங்கு, கட்சிக்காரரைக் கொண்டுவந்தவங்களுக்கு. அடுத்தது, ஆபீஸுக்கு மூலதனம் போட்டவங்களுக்கு. கடைசியா, உக்காந்து வேலை பாத்தவங்களுக்கு. நீங்க முகம் சுளிக்கிறது தெரியுது. ராத்திரி பகலா உக்காந்து வழக்கை நடத்துறவனுக்குக் கடைசி இடமான்னு. ஆமா சார். வேலை செய்ய ஆள் கிடைப்பாங்க, கட்சிக்காரர் கிடைக்க மாட்டார். அதனாலதான். எங்க ஆபீஸ்ல யாரும் நீ எப்படி வாதாடினேன்னு கேக்க மாட்டாங்க, உன்னை நம்பி வாசல்படி ஏறினவர் யாருன்னு கேப்பாங்க.

என்னை நம்பி ஏறினவர் வெங்கிடுசாமி. வேடசந்தூர்ல நூல் மில் வச்சிருக்கார். இன்னிக்கு எங்க ஆபீஸ் வருமானத்துல ஆறுல ஒரு பங்கு அந்த ஒரு மில்லுலேர்ந்து வருது. சின்ன ஆள் இல்ல. அவர் எப்படி வந்தார்னா, அவர் சம்சாரம் ராஜலட்சுமியும் உமையாளும் மதுரையில ஒரே ஹாஸ்டல், ஒரே ரூம். மில்லுல அண்ணன் தம்பி தகராறு வந்துச்சு. ராஜலட்சுமி போன்ல அழும், இவ கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு வருஷம் இப்படியே ஓடுச்சு. கடைசியில இவ, எங்க வீட்டுக்காரரைப் பாருங்கன்னு சொல்லி அவங்க ரெண்டு பேரையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டா. சரி, அது பொம்பளைங்க பழக்கம், விடுங்க. விஷயம் என்னன்னா, அந்த மில்லைக் கொண்டுவந்தது நான்.

அந்தத் தகராறை எப்படி முடிச்சேன் தெரியுமா? நாலு வக்கீலுங்க ரெண்டு வருஷமா கோடிக்கணக்குல பேரம் பேசிக்கிட்டிருந்தாங்க. நான் ஒரே ஒரு நாள் தம்பிக்காரரைத் தனியாக் கூப்பிட்டு, உங்களுக்கு அம்மா இருந்த பழைய வீடுதானே வேணும்னு கேட்டேன். மனுஷன் பொலபொலன்னு அழுதுட்டார். அன்னிக்கே கையெழுத்து. எனக்கு எப்படி அது தோணுச்சுன்னு எட்வின் சாரே கேட்டார். அனுபவம்தான் சார்னேன். உமையாள் அதுக்கு முந்தின நாள் ஏதோ சொன்னா, அந்த வீட்டைப் பத்தி. சரியா ஞாபகம் இல்ல.

இதுதான் என் நாக்குல சனி வந்து உக்காந்த இடம். ஈக்விட்டி ஆனதுக்கு ஆபீஸ்ல ஒரு பாராட்டு விழா. நுங்கம்பாக்கத்துல ஒரு ஹோட்டல், நூறு பேர், சால்வை, மாலை. என்னைப் பேசச் சொன்னாங்க. மைக்கைக் கையில வாங்கினா எனக்குக் கண்ணு தெரியாது. எல்லாருக்கும் நன்றி சொன்னேன். எட்வின் சார், அவங்க அப்பா, எனக்கு வழக்கு கத்துக்கொடுத்த சீனியர், என் டைப்பிஸ்ட், டிரைவர், லிஃப்ட் ஆப்பரேட்டர், அன்னிக்குப் பரிமாறின கேட்டரிங்காரர் வரைக்கும். ஒருத்தரையும் விடல. அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாம, என்னமோ நான் பெரிசா சாதிச்ச மாதிரி சொல்றாங்க, வேடசந்தூர் மில் நம்ம ஆபீஸுக்கு வந்ததே எட்வின் சாரோட நல்ல பேருக்காகத்தான், நான் வெறும் கருவி, எல்லாம் அவரோட ஆசீர்வாதம்னு சொன்னேன். கைதட்டல்னா கைதட்டல். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

நீங்களும்தான் சொல்வீங்க. உங்க பொண்ணு கல்யாணத்துல நீங்க எழுந்து, எல்லாம் சம்பந்தி வீட்டார் பெருமைன்னு சொல்ல மாட்டீங்களா? சொல்லிட்டு அவங்க கல்யாணச் செலவைப் பங்கு போடச் சொன்னா பங்கு போடுவாங்களா? அது சபை மரியாதை. வாய் வார்த்தை.

இந்த வருஷம் மார்ச்சுல பாயிண்ட் போடுற மீட்டிங். அதுல ஒரு வழக்கம் உண்டு. யாரோட பாயிண்டைப் பேசுறாங்களோ அவர் எழுந்து வெளிய போயிடணும். மத்தவங்க முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுவாங்க. என் முறை வந்துச்சு, போனேன். பக்கத்துல காபி மெஷின் இருக்கிற சின்ன ரூம். கண்ணாடிச் சுவர். அவங்க வாய் அசையறது தெரியும், சத்தம் கேக்காது. நான் பதினாலு பாயிண்ட் எதிர்பாத்தேன். எட்வின் சார் ஏதோ சொல்றார், மத்தவங்க தலையாட்டுறாங்க, ஒருத்தர் என்னைப் பாத்துச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். கையில இருந்த காபி சட்டையில கொட்டினது கூடத் தெரியல.

உள்ள கூப்பிட்டாங்க. நாலு பாயிண்ட்.

நாலு சார். அந்த வருஷம் லாபம் நாலரைக் கோடி. என் பங்கு பதினெட்டு லட்சம். நான் அதுவரைக்கும் டிராயிங்ல எடுத்தது இருபத்தினாலு லட்சம். முதலாளி ஆன முதல் வருஷம், நான் வேலை பாத்ததுக்கு ஆபீஸுக்கு ஆறு லட்சம் கட்டினேன். உலகத்துலேயே காசு கொடுத்து வேலைக்குப் போன ஆள் நான்தான்.

மில்லை நான்தானே கொண்டுவந்தேன்னு எட்வின் சாரைக் கேட்டேன். அவருக்கு நிஜமாவே ஆச்சரியம். வயிரவன், நீங்கதானே எல்லார் முன்னாடியும் அது என்னால வந்ததுன்னு சொன்னீங்கன்னார். சார், அது சபை மரியாதைன்னேன். நீங்க வக்கீல், சும்மா சொல்வீங்களான்னார். இருபத்தஞ்சு வருஷமா நான் கட்சிக்காரங்ககிட்டச் சொல்ற முதல் வார்த்தையே, எதையும் ஒப்புக்காதீங்க, வாயைத் திறக்காதீங்கன்னுதான். அவங்களாவது போலீஸ் ஸ்டேஷன்ல பயத்துல உளறுவாங்க. நான் மாலையும் கழுத்துமா மைக்ல உளறியிருக்கேன்.

எட்வின் சார் மோசமான ஆள் இல்ல. ரெண்டு மாசம் நான் அவர் ரூம் வாசல்லேயே நின்னதைப் பாத்துட்டு, அவரே ஒரு வழி சொன்னார். வெங்கிடுசாமியே எனக்குப் போன் பண்ணி, யாருக்காக வந்தேன்னு சொல்லட்டும், நான் மாத்திடறேன்னார். அதுக்குத்தான் நாளைக்கு மீட்டிங். அதுக்குத்தான் நேத்து ராத்திரி பஸ் ஏறி, காலையில வேடசந்தூர்ல போய் நின்னேன்.

போன உடனே இளநி. அப்புறம் மோர். அப்புறம் புது மெஷினைச் சுத்திக் காட்டினார். பஞ்சு காதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. நான் பொறுமையா இருந்து மெதுவா விஷயத்தைச் சொன்னேன். எட்வின் சாருக்கு ஒரு போன் போட்டு, நீங்க யாருக்காக எங்ககிட்ட வந்தீங்கன்னு சொல்லணும்னேன்.

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு. உமையாள் அம்மாவுக்காக வந்தேன்."

"அது சரிங்க. ஆபீஸ்ல யாருக்காகன்னு கேக்குறாங்க."

"ஆபீஸ்ல எனக்கு யாரைத் தெரியும்? அவங்க உங்களைக் காட்டினாங்க. உங்க தம்பியைக் காட்டியிருந்தா உங்க தம்பியைப் பாத்திருப்பேன்."

"எனக்குத் தம்பி இல்லைங்க."

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் நல்லாத்தான் பண்ணீங்க."

நீங்களும். அந்த உம் எனக்கு நல்லாவே உறைச்சுது. சரி, மானத்தைப் பாத்தா பாயிண்ட் வராதுன்னு, என் பேரைச் சொன்னா எனக்கு உதவியா இருக்கும்னு நேராவே கேட்டுட்டேன். அவர் உள்ள போய் ராஜலட்சுமிகிட்டப் பேசினார். அந்தம்மா வெளிய வந்து, உமையாள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம் அண்ணான்னுச்சு. எனக்கு நிம்மதி. இவகிட்டதானே கேக்கப் போறாங்க, இவ என் பொண்டாட்டிதானே.

மில் வாசல்ல லோடு லாரிங்க நடுவுல நின்னு நான் இவளுக்குப் போன் போட்டேன். ராஜி பேசிட்டா, விஷயம் என்னன்னு கேட்டா. சொன்னேன். கொண்டுவந்தவங்களுக்கு உங்க ஆபீஸ்ல என்ன தருவாங்கன்னு கேட்டா. எனக்கு சந்தோஷமாப் போச்சு சார், நம்ம தொழிலைப் பத்தி வீட்டுல ஒரு அக்கறைன்னு. பாயிண்ட், மூலதனம், டிராயிங் எல்லாம் உங்களுக்குச் சொன்ன மாதிரியே விளக்கினேன். உங்களுக்குச் சொன்னதை விட நல்லாவே சொன்னேன். பதினாலு கிடைச்சா வருஷத்துக்கு அறுபத்தி மூணு லட்சம்னு கணக்கும் போட்டுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி, எனக்கு எத்தனை பாயிண்ட்?"னா.

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

உனக்கு எதுக்கு உமையாள் பாயிண்ட், வர்றது எல்லாம் நம்ம வீட்டுக்குத்தானேன்னேன். அதுக்கு அவ சொல்றா, "அன்னிக்கு விழாவுல நான் முதல் வரிசையில உக்காந்திருந்தேன். கேட்டரிங்காரர் பேரைச் சொன்னீங்க. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அடுத்தது நம்ம பேருன்னு முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டேன். நீங்க நன்றி வணக்கம்னுட்டு உக்காந்துட்டீங்க."

ரெண்டு லாரி ஹாரன் அடிச்சுது. நான் ஓரமாப் போய் நின்னேன்.

அது மேடைப் பேச்சு, மறந்திருக்கும்னேன். மறந்தது தெரியும்னா. கோபமான்னு கேட்டேன். கோபம் இல்லைன்னா. அழுதிருந்தா எனக்குச் சமாளிக்கத் தெரியும் சார், இருபத்தேழு வருஷ அனுபவம். அவ சாதாரணமாப் பேசினா, ரயில்வே என்கொயரியில பேசுற மாதிரி. "ஆபீஸ்லேர்ந்து உங்களுக்கு வர்றதுல பாதி என் அக்கவுண்டுக்கு வரணும். முத்திரைத்தாள் வேண்டாம். வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, போதும். வந்ததும் ராஜிகிட்டச் சொல்றேன். அவர் எட்வின் சாருக்குப் பேசுவார், உங்க பேரையே சொல்வார்." பணத்துக்காகவா இப்படி உமையாள்னு கேட்டேன். பணத்துக்காகவும்தான், லேப் வைக்கணும்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டா.

இப்போ புரியுதா நான் என்ன அடிச்சு அடிச்சு அழிக்கிறேன்னு? திண்டுக்கல் ஸ்டேஷன்லேயே ஆரம்பிச்சுட்டேன். முதல்ல பத்து பெர்சன்ட்னு அனுப்பினேன், மரியாதைப் பங்குன்னு பேர் கொடுத்து. நீல டிக் விழுந்துச்சு, பாத்துட்டா, பதில் இல்ல. மணப்பாறை தாண்டினதும் பதினஞ்சு. பதில் இல்ல. திருச்சியில இருபது, கூடவே அவ அம்மா வீட்டுக்குப் போறப்போ ஆகுற செலவு என்னோடதுன்னு சேத்து அனுப்பினேன். அதுக்கு ஒரு கைகூப்பின படம் வந்துச்சு. நன்றியா, போய் வாங்கன்னு அர்த்தமான்னு தெரியல. அதுக்கப்புறம் எதையும் அனுப்பத் தைரியம் இல்ல. அடிக்கிறேன், அழிக்கிறேன்.

கோர்ட்டுல நான் பேரத்துல கெட்டிக்காரன் சார். எதிராளி ஒரு கோடி கேட்டா இருபது லட்சத்துல கொண்டுவந்து நிறுத்துவேன். அதுக்கு ஒரே வழி, எதிராளிக்கு நியாயமா என்ன சேரணும்னு நாமளே முதல்ல கணக்குப் போட்டு வச்சுக்கணும். அதுக்குக் கீழ அடிச்சுப் பேசலாம். சரி, இவளுக்கும் போட்டுப் பாப்போம்னு எங்க ஆபீஸ் கணக்கையே எடுத்தேன். கட்சிக்காரரைக் கொண்டுவந்தது யாரு? வெங்கிடுசாமி என்ன சொன்னார்னு உங்களுக்கே சொன்னேன். போட்டேன், அவ பேருல. மூலதனம் யாரோடது? விஆர்எஸ் பணம். அதுவும் அவ பேருல போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது வேலை பாத்தது. அது நான்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா அந்தப் பழைய வீட்டு விஷயம் வேற நடுவுல வந்து நிக்குது. அதை யாரு சொன்னான்னு யோசிச்சேன், யோசிக்க யோசிக்க ஞாபகம் வந்து தொலைக்குது. சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னா.

மூணு தரம் கூட்டிப் பாத்துட்டேன். எங்க ஆபீஸ் சட்டப்படி அவ முதலாளி சார். நான் மேலாள். அந்தச் சட்டத்தையும் நான்தான் டிராஃப்ட் பண்ணேன்.

அதனாலதான் பாதி கேக்குறது அதிகம்னு அவகிட்டச் சொல்ல முடியல. சொன்னா அவளே உக்காந்து இந்தக் கணக்கைப் போட்டுடுவா. அவளுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. பாதின்னு கேட்டதே இன்னும் அவ கணக்குப் போடாததாலதான்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க, முப்பத்தஞ்சுன்னு போட்டுப் பாக்கட்டுமா? ஒத்துக்குவாளா? உங்க வீட்டம்மா ஒத்துக்குவாங்களா? உங்க கடைக்கு அவங்க நகையை வச்சுத்தான் முதல் போட்டீங்களா? ஐயோ, நான் கேட்டதா நினைக்காதீங்க. ஜன்னலைப் பாருங்க.

செங்கல்பட்டு வரப்போகுது, வண்டி வேகம் குறையுது. நீங்க இறங்கணுமே. கீழ செருப்பு இருக்கான்னு பாத்துக்கோங்க.

இருங்க சார், அவதான் கூப்பிடுறா.

சொல்லு உமையாள். ஆமா, செங்கல்பட்டு. இல்ல, அடிச்சு வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. சிக்னல் இல்ல. என்ன? அது எப்படி? மத்தியானம் பாதின்னுதானே சொன்னே? யாருகிட்ட கத்துக்கிட்டே இதெல்லாம்? சரி. சரின்னு சொல்றேன்ல. எழுதியே அனுப்பறேன். சரிம்மா.

அம்பத்தஞ்சாம் சார். மத்தியானம் அம்பது. இவ்வளவு நேரம் பதில் சொல்லாம இருந்ததுக்கு அஞ்சு. தாம்பரம் வரைக்கும் இழுத்தா அறுபதாம். எட்வின் சார் நாளைக்குத்தான் முடிவு பண்ணணும், எனக்கு அவசரம் இல்ல, உங்களுக்குத்தான்னு சொல்றா. மெதுவாச் சொல்றா சார். குரலை உயர்த்தவே இல்ல.

இதோ, அடிக்கிறேன். அம்பத்தஞ்சு. உன் அக்கவுண்டுக்கு. ஒவ்வொரு வருஷமும். வேற நிபந்தனை இல்லை. அனுப்பிட்டேன். பாத்துட்டா. இந்நேரம் ராஜலட்சுமிக்குப் போன் போயிருக்கும்.

கஷ்டமாத்தான் இருக்கு. பணத்துக்காக இல்ல. சரி, பணத்துக்காகவும்தான். ஆனா இருபத்தேழு வருஷமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, இப்படி ஒரு ஆள் அங்க இருக்கிறதே எனக்குத் தெரியாமப் போச்சு. ஆபீஸ்ல எந்தப் பார்ட்னரும் எட்வின் சார்கிட்ட இப்படிப் பேசி நான் பாத்ததில்ல. நான் பேசியிருக்கேனா? நாலுன்னு சொன்னாங்க, தேங்க் யூ சார்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

வண்டி நின்னுடுச்சு, பாத்து இறங்குங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த மீட்டிங் ரூமுக்குள்ள போக வேண்டியது நான் இல்ல சார்.